முதலில் ஆச்சியின் சேலை!

பொங்கல் லீவிலும் கோடை விடுமுறையிலும் வெளியூர், வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து சேர்ந்ததும், 'எல்லாருமா ஒரு போட்டோ எடுத்துக்கலாமே' என்ற பேச்சு இப்போது பல வீடுகளில் எழுகிறது. அடுத்த நிமிஷமே, 'என்ன டிரெஸ் போடறது?' என்ற கேள்வியும் வந்துவிடும். அது கடைசியில் யார் தலையில் வந்து விடியும் என்று சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை! இந்தத் தை மாதம் எங்கள் வீட்டில் நான்கு தலைமுறை, மொத்தம் பன்னிரண்டு பேர் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் பத்து நாள் அலைச்சலில் எனக்குத் தெரிந்துகொண்ட விஷயங்களை, இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

டல்லஸில் இருக்கும் என் மகள் டிசம்பரிலேயே வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பிவிட்டாள். "அம்மா, எல்லாருக்கும் லைட் கலர்தான். லேடீஸ் எல்லாம் இளம் ரோஸ், ஜென்ட்ஸ் எல்லாம் கிரீம்." என் கொழுந்தன் மகள் காலேஜில் படிக்கிறவள். அவளுக்கு வெள்ளைச் சட்டை, ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பெசன்ட் நகர் பீச்சில் நிற்க வேண்டும். என் மகனோ, "ஏம்மா கஷ்டப்படறே? தி.நகர்ல அப்பா, அம்மா, குழந்தை எல்லாருக்கும் ஒரே துணியில செட்டாவே விக்கறாங்க. ஒரே பில்லுல வேலை முடிஞ்சுது" என்றான். அந்த செட்டையும் போய்ப் பார்த்தேன். ஒரே டிசைனில் சட்டை, கவுன், புடவை, குட்டிப் பாவாடை. ஒருவர் இருவர் போட்டால் அழகுதான். பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றால் பேண்டு வாத்தியக் கோஷ்டி மாதிரி இருக்கும். மேலும், அந்த வருஷம் எந்தத் துணி மலிவாகக் கிடைத்தது என்பதுதான் அந்தப் படத்தில் முதலில் கண்ணில் படும், முகங்கள் அதற்கப்புறம்தான்.

ஆனால் என்னை உறுத்தியது அது இல்லை. மகளின் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் இன்ன நிறம், இன்ன துணி என்று விவரமாக இருந்தது. என் மாமியார் பெயருக்கு நேராக மட்டும், 'ஆச்சி: ஏதாவது டல்லா' என்று இருந்தது.

என் மாமியாருக்கு வயது எண்பத்து நான்கு. திருநெல்வேலியிலிருந்து மயிலாப்பூருக்கு வந்து அறுபது வருஷம் ஆகப்போகிறது. பேச்சு மட்டும் இன்னும் தாமிரபரணிக் கரையிலேயே இருக்கிறது. மாமா காலமாகிப் பதினோரு வருஷம். அன்றிலிருந்து அத்தை கட்டுவது சாம்பல் நிறம், காப்பிப்பொடி நிறம், மங்கின பச்சை. இப்படித்தான் கட்ட வேண்டும் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. அவரே பீரோவை இரண்டாகப் பிரித்து, மேல் தட்டைப் பூட்டிவிட்டார். போட்டோ விஷயத்தைச் சொன்னதும், "எனக்கு என்னத்துக்கு இதெல்லாம்? நீங்க எடுங்க. நான் வேணும்னா ஒரு ஓரமா நிக்கேன்" என்றார்.

அந்த 'ஓரமா' என்ற வார்த்தைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அத்தையின் அத்தை (அப்பாவின் அக்கா) சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். வெள்ளைச் சேலையோடு எழுபது வயது வரை அந்த வீட்டிலேயே இருந்து, எல்லாக் குழந்தைகளையும் வளர்த்தவர். "அவுக மொகம் ஒரு போட்டோவுலயும் கெடையாது. நல்ல காரியத்துல எடுக்கிற படம் பாரு, கூப்பிட மாட்டாக. அவுகளும் வரமாட்டாக. அடுக்களையில நின்னு பாத்துக்கிட்டு இருப்பாக" என்று அத்தை ஒரு தடவை சொல்லியிருக்கிறார். இன்று அந்தம்மாள் எப்படி இருந்தார் என்று சொல்ல அத்தை ஒருவர்தான் மிச்சம். அந்தக் காலத்துக் கல்யாண குரூப் போட்டோக்களை எடுத்துப் பாருங்கள், வீட்டுக்கு வீடு இப்படி ஒருவர் காணாமல் போயிருப்பார். இப்போது யாரும் 'வராதே' என்று சொல்வதில்லை. ஆனால் மங்கின புடவையோடு கடைசி வரிசை ஓரத்தில் நிற்கவிட்டு, மற்ற பதினோரு பேர் ரோஸ் நிறத்தில் ஜொலித்தால், அதுவும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான் என்பது என் கட்சி.

அதனால் நான் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பினேன். பதினோரு பேர் எந்த நிறம் வேண்டுமானாலும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். மாற்ற முடியாதவர் ஒருவர்தான். எனவே முதலில் அவர் சேலை. அதை வைத்து மற்றவர்களுக்கு.

ஒரு மத்தியானம் அத்தையோடு உட்கார்ந்து மேல் தட்டைத் திறக்கச் சொன்னேன். ரசகற்பூர வாசனை மூக்கைத் துளைத்தது. பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்த சேலைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கத்தரிப்பூ நிறத்தில் மாம்பழக் கரை போட்ட காஞ்சிபுரம் ஒன்று. 1974-ல் பனகல் பார்க் எதிரே நல்லியில் மாமா எடுத்தது. (அந்தக் கடை தி.நகரில் 1928-ல் ஆரம்பித்ததாம். ஊர் பாதி காலியாக இருந்த காலம்!) "அவுக தனியாப் போயி எடுத்துட்டு வந்தது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் நான் கூடப் போயி எடுத்தது" என்று மடியில் வைத்துத் தடவினார். "கட்டுங்களேன் அத்தை" என்றேன். "சும்மா இரு பிள்ளே. பாக்கிறவுக என்ன சொல்லுவாக?" என்று திரும்பச் சுற்றி உள்ளே வைத்துவிட்டார்.

நானும் மேலே பேசவில்லை. வற்புறுத்திக் கட்ட வைத்தால் அது முகத்தில் தெரியும். கேமராவுக்கு அந்த விஷயத்தில் கண் கூர்மை. இரண்டு நாள் கழித்து, நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது தானாக வந்து உட்கார்ந்து, "அந்தச் சேலைக்கு உள்ள ரவிக்கை இப்பம் தொளதொளன்னு இருக்குமே" என்றார். நம் வீட்டுப் பெரியவர்கள் 'சரி' என்று சொல்கிற விதம் அது!

மறுநாளே சேலையைப் பையில் போட்டுக்கொண்டு தி.நகர் கிளம்பினேன். ரவிக்கைத் துணி வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து சேலையைக் கையோடு கொண்டுபோங்கள். போனில் எடுத்த படத்தைக் காட்டி மேட்சிங் பார்க்கவே முடியாது. கத்தரிப்பூ நிறம் ஒரு போனில் நீலமாகவும் இன்னொன்றில் ரோஸாகவும் தெரியும். கடை டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிந்தது வாசலுக்கு வந்தால் வேறாகிவிடும். ஆகவே மேட்சிங் சென்டரில் துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்துத்தான் வெட்டச் சொல்ல வேண்டும். கரையின் மாம்பழ மஞ்சளிலேயே ரவிக்கை எடுத்தேன். பழைய பட்டு என்பதால் சேலையை நன்றாக விரித்து, மடிப்பில் இற்றுப்போயிருக்கிறதா என்று பார்த்தேன். வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் இருக்கும் பட்டும் ஜரிகையும் அந்த மடிப்பில்தான் முதலில் விடும். முந்தானை ஓரம் மட்டும் இரண்டு விரற்கடை விட்டிருந்தது. அது பின்பக்கம் போய்விடும் என்று இரண்டு தையல் போட்டு விட்டேன்.

பிறகு மற்றவர்களுக்கு. கட்டில் மேல் அத்தை சேலையை விரித்து வைத்துவிட்டு, சுற்றி ஒவ்வொருவர் துணியாக வைத்துப் பார்த்தோம். கத்தரிப்பூ வேறு யாருக்கும் கிடையாது என்று மட்டும் சட்டம் போட்டேன். ஓரகத்திக்கு இலைப்பச்சை, மகளுக்கு மாந்தளிர் நிறம், மருமகளுக்குச் சந்தன நிறத்தில் மெல்லிய அரக்குக் கரை, எனக்கு மயில் கழுத்து. ஆண்கள் எல்லாரும் வேட்டி. சட்டை மட்டும் சந்தனம், வெளிர் சாம்பல், இளம் பச்சை என்று அவரவர் இஷ்டம். புதிதாக வாங்கியது மூன்று சட்டையும் பேத்திக்கு ஒரு மாம்பழப் பட்டுப் பாவாடையும்தான். மற்றதெல்லாம் அவரவர் பீரோவிலிருந்தே கிடைத்தது. ரோஸ் போச்சே என்று மகளுக்குக் கொஞ்சம் வருத்தம். சேலையின் கதையைச் சொன்னதும், "இதை ஏம்மா முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டுவிட்டு அவளே பட்டியலை அழித்துப் புதிதாக எழுதினாள்.

இங்கே ஒரு சின்ன உபாயம். கட்டிலில் விரித்ததைப் போனில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறங்கள் போய்விடும். எது அடர்த்தி, எது வெளுப்பு என்பது மட்டும் மிஞ்சும். எது எல்லாவற்றையும் விட வெளுப்பாகத் தெரிகிறதோ அங்கேதான் பார்க்கிறவர் கண் முதலில் போகும். எங்கள் வீட்டில் கொழுந்தனாரின் பளீர் வெள்ளைச் சட்டை அப்படி முட்டிக்கொண்டு வந்தது. அதை மாற்றச் சொன்னேன்.

இந்தக் கறுப்பு வெள்ளைப் பேச்சில்தான் பேரன் ஒரு கேள்வி கேட்டான். ஒன்பது வயது. ஹாலில் மாட்டியிருக்கும் அத்தையின் பெற்றோர் படத்தைக் காட்டி, "கல்யாணத்துக்கு பிளாக் சாரி கட்டக்கூடாதுன்னு சொல்றீங்க. இவங்க மட்டும் ஏன் பிளாக்?" என்றான். 1936-ல் கல்யாணம் முடிந்த கையோடு ஸ்டுடியோவில் எடுத்த படம் அது. நான்கூடக் கல்யாணமாகி வந்த புதிதில் இதையே யோசித்திருக்கிறேன். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "கறுப்பா? எங்கம்மைக்கு அது அரக்குச் சேலை! என்னைய தூளியில போட்டதே அந்தச் சேலையிலதான்!"

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் பயன்படுத்திய கண்ணாடித் தகடுகள் பலவற்றுக்கும், ஆரம்பகால ஃபிலிம்களுக்கும் சிவப்பு நிறமே தெரியாது. (இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு அவர்கள் வேலை செய்ய முடிந்தது அதனால்தான்.) அரக்கு, குங்குமச் சிவப்பு எல்லாம் படத்தில் கறுப்பாகிவிடும். நெற்றிக் குங்குமம் மைப்பொட்டாகத் தெரியும். நீலம் வெளுத்துப் போகும். நம் மாநிறமே ஒரு படி கறுத்துத் தெரியும். அதற்காகவே முகத்தில் பவுடரை அப்பி உட்கார வைப்பார்கள், பிறகு நெகட்டிவிலேயே பென்சிலால் முகத்தைச் சரிசெய்வார்கள். எல்லா நிறத்தையும் உணரும் ஃபிலிம் புழக்கத்துக்கு வந்த பிறகுதான் இந்தக் கூத்து குறைந்தது. உங்கள் வீட்டிலும் கொள்ளுப்பாட்டி 'கறுப்பு'ப் புடவையில் உட்கார்ந்திருந்தால், அது பெரும்பாலும் கறுப்பாக இருந்திருக்காது. கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட பழைய ஸ்டுடியோ படங்களுக்கு மதிப்பு உண்டு என்று பெரிய இடத்திலும் உணர்ந்திருக்கிறார்கள். புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களிலும் வீடுகளிலும் இருந்த இத்தகைய படங்களை 2010-களில் தேடி எடுத்து, கம்ப்யூட்டரில் பிரதி எடுத்துப் பாதுகாத்திருக்கிறது. பழைய ஸ்டுடியோ படங்களில் பூத்தைத்த ஜடை தெரிவதற்காகப் பின்னால் கண்ணாடி வைத்து எடுத்த பெண் குழந்தைகளைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் முகம், கண்ணாடியில் ஜடை. எவ்வளவு யோசனை பாருங்கள்! அலங்காரம் எங்கே இருக்கிறதோ அது படத்தில் விழ வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்கு இருந்தது. இப்போது நாம் இரண்டு முழம் மல்லிகையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்து நிற்கிறோம், பூ இருப்பதே தெரிவதில்லை. ஒரு சரத்தைத் தோளில் முன்னால் எடுத்து விட்டால் போதும்.

துணியைப் பற்றி இன்னும் சில. பொடிக் கட்டம், நெருக்கமான கோடு போட்ட சட்டை வேண்டாம். டிஜிட்டல் கேமராவில் அது அலை அலையாக நெளியும். அகல ஜரிகை போட்ட பட்டுக்கு நேராக ஃபிளாஷ் அடித்தால் ஜரிகை வெள்ளைத் தகடாகிவிடும், ஜன்னல் வெளிச்சத்தில்தான் அது தங்கமாகத் தெரியும். புல்தரையில் பச்சைப் புடவை கட்டினால் தலை மட்டும் தனியாக மிதக்கும். எந்தச் செருப்புப் போடப்போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டுதான் கொசுவம் வைக்க வேண்டும். குழந்தைகளுக்குச் சாப்பாடு முதலில், பட்டுப்பாவாடை பிறகு. ஜரிகை இடுப்பில் குத்தும் என்பதால் உள்ளே ஒரு காட்டன் பெட்டிகோட் போட்டுவிட்டேன். அமெரிக்கப் பேத்தி ஒரு மணி நேரம் சிணுங்காமல் இருந்ததன் ரகசியம் அதுதான்.

இடத்துக்கும் ஒரு பஞ்சாயத்து நடந்தது. பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்தின் முன்னால் நிற்க ஆசைப்பட்டார்கள் சின்னவர்கள். (நீரில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் 1930-ல் உயிர்விட்ட டேனிஷ் மாலுமியின் நினைவாகக் கட்டியது. அங்கே போஸ் கொடுக்கிறவர்களுக்கு அது தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும்.) அங்கே போவதானால் விடிகாலையில் போக வேண்டும். எட்டு மணிக்கு மேல் வெயில் தலைக்கு ஏறிவிடும், கண்ணுக்குக் கீழ் நிழல் விழும். கடற்காற்றில் முந்தானை நிற்காது. பெரியவர்கள் மணலில் நடக்கக் கஷ்டம். எனவே குரூப் போட்டோ எங்கள் குடியிருப்பின் வாசல் வராந்தாவில், கோலத்துக்கு முன்னால் என்று முடிவாயிற்று. பீச்சில் சின்னவர்கள் மட்டும் தனியாக இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளட்டும்.

அன்று காலை அத்தை எல்லாருக்கும் முன்னால் குளித்து, அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். போட்டோகிராபரோடு வந்த பெண் நெற்றியில் சின்னதாக ஒரு பொட்டு வைக்கட்டுமா என்று கேட்டாள். "வேண்டாம்மா. இது போதும்" என்று திருநீற்றைத் தொட்டுக் காட்டினார். அதில் நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. நடு நாற்காலியில் உட்கார்ந்ததும் முந்தானையை எடுத்து, மாம்பழக் கரை தெரிகிற மாதிரி மடியில் தானே விரித்துக்கொண்டார். போட்டோகிராபர் சொல்லி அல்ல.

படம் பிரதியாகி வந்துவிட்டது. ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. 1984-ல் எங்கள் ரிசப்ஷனுக்கு நான் கட்டியது எம்.எஸ். ப்ளூ. எம்.எஸ். அம்மாவுக்காகக் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் நெய்து கொடுத்து, அவர் பெயராலேயே நிலைத்துவிட்ட அந்த நீலம். ஆல்பத்தில் இன்று பார்த்தால் அது செங்கல்லும் சாம்பலும் கலந்த ஏதோ ஒரு நிறம். அந்தக் காலத்துக் கலர் பிரிண்டுகளில் நீலச்சாயம் முதலில் மங்கிப்போவது சகஜம், மொத்தப் படமும் சிவந்துவிடும். பீரோவில் இருக்கும் சேலை என்னவோ அதே நீலத்தில்தான் இருக்கிறது! ஆக, கறுப்பு வெள்ளையையும் நம்ப முடியாது, கலரையும் நம்ப முடியாது. எழுதி வைத்தால்தான் உண்டு.

பழைய அட்டைப் படங்களின் பின்னால் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், ஓரமாக எழுதலாம். பால்பாயிண்ட் பேனா கூடாது, எழுத்து முன்பக்கம் புடைத்துக்கொண்டு தெரியும். இப்போதைய பிரிண்டுகளின் முதுகு பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பு, பென்சில் பிடிக்காது. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, படத்தோடு உறையில் போட்டு வைப்பதே நல்லது. அத்தை சொல்லச் சொல்ல என் பேரன் தன் கோணல் தமிழில் எழுதினான். பன்னிரண்டு பேர் பெயர், உறவு, தேதி. கடைசி வரி: 'ஆச்சி கட்டியிருப்பது கத்தரிப்பூச் சேலை, மாம்பழக் கரை. 1974-ல் தாத்தா தனியாகப் போய் எடுத்தது.'

"இரு, இன்னொண்ணு இருக்கு" என்று அத்தை ஹாலில் மாட்டியிருந்த 1936 படத்தைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். பின்பக்கத்து அட்டையைத் திருப்பிக் கொடுத்து, "எழுதுடா. அரக்குச் சேலை. கறுப்பு இல்லை" என்றார்.

- ஒரு வாசகி, மயிலாப்பூர், சென்னை-4